விமானத்தின் பின்சீட்டு

லாரியில் வலது பக்கம் சந்தோஷ்குமாருடையது, இடது பக்கம் இனியனுடையது. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. இரண்டு பேருக்கும் ஊர் எடப்பாடிக்குப் பக்கம். ஒரே வருஷத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்தார்கள், ஒரே முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள், சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு கொல்கத்தாவுக்கு ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டினார்கள். ஆனாலும் முதலாளி போன் பண்ணினால் சந்தோஷுக்குத்தான் பண்ணுவார். செக்போஸ்டில் இறங்கிப் பேசுவது சந்தோஷ். எந்த ஓட்டலில் நிறுத்துவது, எங்கே தூங்குவது என்று முடிவு செய்வதும் சந்தோஷ். ஸ்டியரிங் இனியன் கையில் இருக்கும்போதுகூட வண்டி சந்தோஷின் வாய்ச்சொல்லில்தான் ஓடியது.

"நான் சொல்ற வரைக்கும் ஒடிக்காதே" என்பது சந்தோஷ் போட்ட சட்டம். சந்து பொந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதும், மலைப்பாதையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போதும் அவன் இடது ஜன்னலில் தலையை நீட்டி, "வரட்டும், வரட்டும், இன்னம் வரட்டும், இப்ப ஒடி" என்பான். அந்த "இப்ப" வராமல் இனியன் ஸ்டியரிங்கை அசைக்க மாட்டான். ஒரு தடவை ஆந்திராவில் ஒரு மண்டிச் சந்தில் சந்தோஷ் ஒண்ணுக்குப் போக இறங்கிவிட்டான். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தும், மண்டிக்காரர்கள் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டியும் இனியன் வண்டியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தான். இந்தக் கதையைச் சந்தோஷ் எல்லோரிடமும் சொல்வான். சிரிப்புக்காகச் சொல்வதுபோல் இருக்கும். உள்ளே அதில் அவனுக்கு ஒரு பெருமை.

இருபத்தொன்பது வயதுக்குள் அவன் சம்பாதித்த சொத்து என்று பார்த்தால் இந்தப் பெருமைதான் பெரிசு. அப்பா பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போனவர். ஐடிஐயைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் ஏறிய பையனை ஊரில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தன் சொல்லுக்குக் காத்திருக்கும் ஓர் ஆள் உலகத்தில் உண்டு என்பதை அவன் அந்தக் கேபினில்தான் கண்டுகொண்டான்.

போன சித்திரையில் அவர்கள் வண்டி பாடி வேலைக்காகத் திருச்செங்கோடு ரோட்டில் காளியண்ணனின் பட்டறைக்குப் போனது. பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். வண்டிக்கு வேலை நடக்கும்போது டிரைவர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். பட்டறையில் அப்போது இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸு கட்டியாச்சு, ரிக் வண்டி கட்டியாச்சு, சாமி தேருக்குச் சக்கரம்கூட மாட்டியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துது" என்றார் காளியண்ணன்.

முழு விமானம் இல்லை. மூக்கும் இறக்கையும் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்களாம். ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் போதும். இரண்டாம் உலகப் போரில் வங்காளத்திலிருந்து பர்மாவுக்குப் பறந்து குண்டு போட்ட இந்தியர்களைப் பற்றி டிவிக்கு ஒரு தொடர். எடுப்பவர் சண்முகப்பிரியா. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து சென்னைக்குப் போனவர். எது எங்கே மலிவாகவும் ஒழுங்காகவும் கிடைக்கும் என்று தெரிந்தவர் என்பதால், சென்னை செட்காரர்களை விட்டுவிட்டு லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களிடம் வந்திருந்தார்.

அந்த விமானத்தில் இரண்டே சீட். முன்னால் பைலட். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வால் பக்கம் பார்த்தபடி துப்பாக்கிக்காரர். விமானம் உயரத்திலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே எழும். அந்தப் பாய்ச்சலைக் காட்டக் காளியண்ணன் தனக்குத் தெரிந்த வழியைச் செய்தார். கட்டின கூண்டை ஒரு டிப்பர் லாரியின் தொட்டிமேல், மூக்கு தொட்டியின் வாய்ப்பக்கம் இருக்கும்படி வைத்து போல்ட் போட்டார். ஜாக்கியில் தொட்டியைத் தூக்கினால் விமானம் தலைகுப்புறச் சாயும். இறக்கினால் நிமிரும்.

சாய்த்துப் பார்க்க எடைக்கு ஆள் வேண்டியிருந்தது. சும்மா இருந்த இரண்டு டிரைவர்களை ஏற்றினார்கள். சந்தோஷ் பழக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தான். இனியன் பின்னால். தூக்கினார்கள், இறக்கினார்கள். பிறகு இடம் மாற்றி ஒரு தடவை. சண்முகப்பிரியா கேமராவோடு இணைத்த டிவியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சென்னையிலிருந்து கூட்டி வந்த இரண்டு நடிகர்களும் ஜிம்மில் வளர்த்த தோளோடு ஓரமாக நின்றிருந்தார்கள்.

மறுநாள் நடிகர்களைக் காணோம். சண்முகப்பிரியா டிரைவர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"போர்ப் படம்னா எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நெஞ்சை நிமித்தறாங்க. நிஜமாப் பறந்த பசங்க அப்படி இல்லை. உங்க வயசுகூட ஆகலை அவங்களுக்கு. பாதி நேரம் சலிப்பு, மீதி நேரம் பயம். வெயில்ல தகரக் கூண்டுக்குள்ள வேகறது, மேல போனா குளுர்ல நடுங்கறது. மூத்திரம் வந்தா அடக்கணும். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க முடியாது, காதுல குரல் மட்டும் கேட்கும். ரெண்டு பேர் ஒரே வண்டியில மாசக்கணக்கா உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு நடிகருக்கு நான் சொல்லித் தர முடியலை. நீங்க நேத்து சும்மா உட்கார்ந்ததுலயே அது இருந்தது."

சந்தோஷுக்கு உச்சி குளிர்ந்தது. "அதுக்கென்னங்க மேடம், பண்ணிப்புடலாம்" என்றான். கை தானாகவே ஸ்டியரிங் பிடிப்பதுபோல் எழுந்தது.

"இனியன், நீங்க பைலட்" என்றார் சண்முகப்பிரியா. "சந்தோஷ், நீங்க பின்னால."

ஏதோ தவறுதலாகச் சொல்கிறார் என்றே சந்தோஷ் நினைத்தான். "ஏனுங் மேடம், மாத்திச் சொல்றீங்களாட்ட இருக்குது. வண்டில நாந்தான்..."

"தெரியும். உங்க முகத்துல பயமே இல்லை. அவர் முகத்துல இருக்கு. எதையோ எதிர்பார்த்துக்கிட்டே இருக்கற முகம். எனக்குப் பைலட்டுக்கு அதுதான் வேணும்."

பயந்தாங்கொள்ளிக்கு ஸ்டியரிங்! சந்தோஷ் இனியனைப் பார்த்தான். அவன் "நானுங்களா? எனக்கெல்லாம் வராதுங்" என்று நெளிந்துகொண்டிருந்தான். மறுத்துவிட்டு எழுந்து வருவான் என்று சந்தோஷ் காத்திருந்தான். இனியன் நெளிந்தான், தலையைச் சொறிந்தான், கடைசியில் "செரிங்க" என்றான். தன்னைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் செரி அது என்று சந்தோஷுக்குத் தோன்றியது.

"பொறத்தால இருக்கறவன் துப்பாக்கி சுடுவானுங்களா?" என்று மட்டும் சந்தோஷ் கேட்டான்.

"பெரும்பாலும் சுட மாட்டான். பார்த்துக்கிட்டே இருப்பான். வந்த வழியைப் பார்த்துக்கிட்டே போறதுதான் அவன் வேலை. அப்புறம் பாயும்போது உயரத்தை வாசிப்பான். பைலட் கண்ணு கீழே குறியில இருக்கும். பத்தாயிரம், ஒன்பதாயிரம்னு பின்னால இருந்து சொல்லணும். மூவாயிரம்னு கேட்டதும் பைலட் மேலே இழுக்கணும்."

வீட்டில் மனைவி யுவஸ்ரீயிடம் விஷயத்தைச் சொன்னான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பெண், வாய் கொஞ்சம் நீளம். "அப்ப இனியண்ணன் மூஞ்சிய டிவில காட்டுவாங்க. உங்களத?"

"என்னதும் காட்டுவாங்க."

"பொறத்தால திரும்பி உக்காந்திருந்தா எப்படிங்க காட்டுவாங்க? முதுகையா?"

"பொறத்தாலயும் ஒரு கேமரா இருக்குமில்ல?"

"இருக்குமா, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பட்டறையில் நிலைமை இன்னும் மோசம். காளியண்ணன் டீ வரவழைக்கும்போதெல்லாம், "பைலட்டுக்கு ஒரு டீ! பைலட்டோட கிளீனருக்கு ஒரு டீ!" என்று சத்தம் போட்டார். ரிவெட் அடிப்பவர்கள் சிரித்தார்கள். சந்தோஷும் சிரித்தான். டீயைப் பாதியிலேயே கொட்டிவிட்டான். ஏழு வருஷம் வீல் பிடித்தவனைக் கிளீனர் என்று கூப்பிட்டால் எந்த டிரைவருக்கும் எரியும்தான். ஆனால் அதைவிட எரிந்தது, இனியன் அந்தச் சிரிப்பில் சேராமல் குனிந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. சேர்ந்து சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஒத்திகையில் சண்முகப்பிரியா இனியனோடு நெடுநேரம் பேசினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் அம்மா எப்படி, அவனுக்கு எதெதற்குப் பயம் என்றெல்லாம் கேட்டார். சந்தோஷிடம் கேட்டது ஒன்றுதான். "எண் எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சா?" பத்திலிருந்து மூன்று வரை ஒன்றாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். அவனிடம் போய் மனப்பாடம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார்!

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இனியன் டிபன்பாக்ஸோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, அந்தப் பாயற எடத்துல என்ற மூஞ்சி எப்படி இருக்கோணும்? எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ சொல்லு."

பழைய இடம் ஒரு நிமிஷம் திரும்பக் கிடைத்ததுபோல் சந்தோஷுக்கு இருந்தது. மேடம் சொன்னது அத்தனையும் அவன் காதில் இருந்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பல்லைக் கடி. கண்ணை நல்லா முழி. எதிரிய மொறைக்கறாப்பல மொறை. எடுப்பா இருக்கும்" என்றான்.

இனியன் அப்படியே செய்தான். சண்முகப்பிரியா டிவியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "யார் இதைச் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு? ஏதாவது மீசைக்காரர் படம் பார்த்தீங்களா?"

பின்சீட்டில் சந்தோஷ் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். இப்போது பெயர் வரும். "நானாத்தானுங் மேடம் பண்ணிப் பாத்தேன்" என்றான் இனியன். காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் சந்தோஷுக்கு முள்ளாகத்தான் குத்தியது. நல்லவன் வேஷமும் இவனுக்கே கிடைத்துவிட்டதே.

பாய்ச்சல் எடுக்கும் நாள் வந்தது. பட்டறைக்கு வெளியே வைகாசி வெயில். தகரக் கூண்டுக்குள் தோல் தொப்பியும் காதுக்கருவியும் மாட்டி இருவரையும் பெல்ட் போட்டு இறுக்கினார்கள். எப்படி நடக்க வேண்டும் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். சந்தோஷ் உயரத்தைச் சொல்லச் சொல்லக் காளியண்ணன் டிப்பரின் கேபினில் உட்கார்ந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டே போவார். அவருக்கு மேலே நடப்பது தெரியாது. சந்தோஷின் குரல் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். "மூவாயிரம்" என்று கேட்டதும் அவர் ஜாக்கியை நிறுத்துவார், இனியன் பிடியை இழுப்பான்.

இரண்டு பேரும் சந்தோஷின் வாயை நம்பியிருந்தார்கள். இது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆக்‌ஷன்."

தொட்டி எழுந்தது. சந்தோஷுக்கு முதுகு கீழே போனது, கால்கள் மேலே வந்தன. கண்ணுக்கு எதிரே இப்போது வெறும் வெள்ளை ஆகாயம்.

"பத்தாயிரம்" என்றான். "ஒன்பதாயிரம்."

காதுக்கருவியில் இனியனின் மூச்சு கேட்டது. சீராக, நம்பிக்கையாக. அவன் முகத்துக்கு நேரே இரண்டு கேமராக்கள்.

"எட்டாயிரம்."

ஏழாயிரம் நாக்கில் இருந்தது. சந்தோஷ் வாயை மூடிக்கொண்டான்.

இவன் தடுமாறட்டும் என்று நினைத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் தடுமாறட்டும். தானாக இழுத்துத் தொலைப்பான், அல்லது "என்னடா ஆச்சு" என்று கத்துவான். மேடம் கட் சொல்வார். பைலட்டுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியட்டும்.

இனியன் இழுக்கவில்லை. கத்தவும் இல்லை. தொட்டி ஏறிக்கொண்டே இருந்தது. இதற்குமேல் போகக் கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டிருந்த உயரத்தைத் தாண்டியது. கூண்டுக்குள் யாரோ மறந்து வைத்த ஸ்பேனர் ஒன்று தரையில் உருண்டு முன்பக்கம் போய் எங்கோ மோதியது. காதில் இனியனின் மூச்சு சின்னதாக, வேகமாக மாறியது. "மாப்ள" என்று ஒரு முணுமுணுப்பு. அப்புறம் அதுவும் இல்லை. காத்திருந்தான். சந்தோஷ் சொல்கிற வரைக்கும் ஒடிக்கக் கூடாது.

அடியில் கூண்டைத் தாங்கிய மரச்சட்டம் கிறீச்சிட்டது. கூண்டு ஒரு விரல்கடை நழுவியதைச் சந்தோஷின் முதுகு உணர்ந்தது. கீழே காளியண்ணனும் காத்திருக்கிறார், குரல் வரும் என்று. ஜாக்கி நிற்காது. சந்தோஷின் வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குரலுக்கு முன்னால் கை போனது. உள்ளங்கையை விரித்துத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். லாரித் தொழிலில் ஒரு தட்டு என்றால் நில். காளியண்ணனின் கை யோசிக்காமல் லீவரை விட்டது.

நின்றது. பிறகு தொட்டி மெதுவாக இறங்கியது.

காளியண்ணன் கேபினிலிருந்து குதித்து ஓடி வந்தார். "என்றா ஆச்சு? ஏண்டா எண்ணிச் சொல்லல? கூண்டு சரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சட்னி ஆயிருப்பீங்கடா!"

சண்முகப்பிரியா வாயில் கையை வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றிருந்தார். முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார், இருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், போல்ட்டை எல்லாம் சரிபார்க்கும் வரை யாரும் ஏறக்கூடாது என்றார். அதற்கு அப்புறம்தான், "இங்க வந்து பாருங்க" என்றார்.

சந்தோஷ் பார்த்தான். இனியனின் முகம் திரை முழுக்க இருந்தது. எட்டாயிரத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் என்ன நடந்தது என்று அவன் முதல் தடவையாகப் பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காது கொடுத்துக் கேட்கிற ஒரு சின்ன அசைவு. பிறகு கண்கள் பின்பக்கம் போகப் பார்த்து, போக முடியாமல், குறிக்கே திரும்பின. உதடு ஒரு சொல்லுக்குத் திறந்தது. பிறகு பின்னால் இருப்பவன் இனிப் பேசப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட முகம். பல்லைக் கடிக்கவில்லை. அழவில்லை. பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள்கூட அசையாமல் பார்த்தார்கள்.

"இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் சண்முகப்பிரியா மெதுவாக. "பின்னால இருக்கறவனை எதிரி சுட்டது பைலட்டுக்குத் தெரிஞ்சிருக்காது. குரல் நின்னதுதான் தெரிஞ்சிருக்கும்." சந்தோஷ் பக்கம் திரும்பி, "எண் மறந்து போச்சா? பரவாயில்லை. மறந்ததே நல்லதாப் போச்சு" என்றார்.

சந்தோஷுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வந்தது. அந்த முகம் நான் வரவழைத்தது. நான் வாயை மூடாமல் இருந்திருந்தால் இவனுக்கு இது ஏது? எல்லோரும் இனியனின் தோளைத் தட்டினார்கள். அதில் பாதித் தட்டு தனக்கு வர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டுமென்றால், வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எட்டுக்கு அடுத்து ஏழு என்று தெரியாத மண்டு.

"மறந்திருக்க மாட்டானுங் மேடம்" என்றான் இனியன். குரல் இன்னும் சரியாகவில்லை. "அவன் எதையும் மறக்க மாட்டான்."

நண்பனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்று சண்முகப்பிரியா நினைத்துக்கொண்டார். இனியன் சந்தோஷின் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கதை மாறியது. அந்தப் பாய்ச்சலில் பின்சீட்டுக்காரன் இறந்துபோகிறான். பைலட் தனியாகத் திரும்புகிறான், இன்னும் எட்டுப் பாகத்துக்கு இருக்கிறான், வேறொருவனைப் பின்னால் வைத்துக்கொண்டு பறக்கிறான். சந்தோஷுக்கு மீதி இருந்தது ஒரே காட்சி. விமானம் தரையில் நிற்கிறது, பின்சீட்டில் பிணம்.

"உங்க முகத்தை நல்லாக் காட்டப்போறேன் சந்தோஷ்" என்றார் சண்முகப்பிரியா, அவனைச் சமாதானப்படுத்துகிறவர்போல.

யுவஸ்ரீயிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் அவன் பின்சீட்டில் ஏறினான். கழுத்திலும் சட்டையிலும் சிவப்புச் சாயம் பூசினார்கள். இனியன் முன்னால் ஏறினான். தோல் தொப்பியை மாட்டும்போது இருவர் முதுகும் நடுத்தகரத்தில் ஒரே நேரத்தில் மோதின. அவர்களுக்குள் காலையிலிருந்து ஒரு பேச்சும் இல்லை.

"இனியன், நீங்க திரும்பிப் பார்க்கவே கூடாது" என்று கீழேயிருந்து சொன்னார் சண்முகப்பிரியா. "பார்த்தா உறுதியாயிடும். பார்க்காத வரைக்கும் அவன் இருக்கான். எஞ்சினை அணைச்சுட்டு சும்மா உட்கார்ந்திருங்க. ஆக்‌ஷன்."

சந்தோஷ் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். கேமரா தன் முகத்துக்கு அருகில் வருவது தெரிந்தது. இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் காது முன்பக்கமே இருந்தது. ஒரு சுவிட்சை இனியன் அணைப்பது கேட்டது. கையுறையைக் கழற்றுவது கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"கட். லைட்டை மாத்திட்டு இன்னொண்ணு போகலாம். அப்படியே உட்கார்ந்திருங்க."

கீழே ஆட்கள் விளக்கைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காதுக்கருவியை யாரும் அணைக்கவில்லை. அதில் இனியனின் குரல் மிக அருகில் வந்தது.

"ஏழாயிரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்றா கொறஞ்சு போயிருக்கும்?"

மன்னிச்சிரு மாப்ள என்று சொல்லலாம். எண் மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். சந்தோஷின் வாயிலிருந்து வந்தது வேறு.

"சொல்லியிருந்தா உனக்கு அந்த மூஞ்சி வந்திருக்குமா?"

இனியன் கையுறையை மறுபடி மாட்டிக்கொள்வது கேட்டது.

"வந்திருக்காது" என்றான் இனியன். கோபம் இல்லாமல், கணக்கை ஒப்புக்கொள்கிறவனைப்போல். "உன்னாலதான் வந்துது. ஆனா இனிமே ரிவர்ஸ் எடுக்கறப்ப நீ வரட்டும்னு சொன்னா, நான் எப்படிறா வர்றது?"

"வண்டி வேற, இது வேற..."

"எனக்கு ஒண்ணுதான். முதலாளிகிட்ட எனக்குப் பதிலா வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன். திங்கக்கெழம நீ அந்த ஆளோட வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"இனியா..."

"ஆக்‌ஷன்" என்றார் சண்முகப்பிரியா.

சந்தோஷ் வாயை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தான். முன்னால் சுவிட்ச் அணைந்தது, கையுறை கழன்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது காட்சி. மேடம் கட் சொல்லி, பெல்ட்டைக் கழற்ற ஆள் ஏறி வந்த பிறகும் இனியன் திரும்பிப் பார்க்கவில்லை.